ஆக்ஸஸ் கணக்கைப் படமாகப் பார்ப்பது: டெல்டா பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கம் நெல் வியாபாரம், அரவை மில், உரக்கடை நடத்துகிற பலரிடம் மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸ் என்கிற டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதிய கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதிக் கொடுத்த தம்பி எப்போதோ சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போயிருப்பார். இப்போது பிள்ளைகள் படித்துவிட்டு வந்து, அதே கணக்கைப் பவர் பிஐ, டேப்லோ மாதிரி படம் வரையும் மென்பொருளில் இணைத்துப் படமாகப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அப்போது வருகிற சந்தேகங்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணத்துக்கு ஒரு நெல் வியாபாரியின் ஃபைலை வைத்துக்கொள்வோம். அதில் விவசாயி, ஊர், வரவு, பட்டுவாடா என்று நான்கு டேபிள், அதாவது நான்கு தனித்தனிப் பட்டியல்.

ஆக்ஸஸ்லயே ரிப்போர்ட் வருதே, எதுக்கு இன்னொரு சாஃப்ட்வேர்?

ரசீது அடிக்க, ஒரு விவசாயியின் பாக்கியைப் பார்க்க ஆக்ஸஸ் ரிப்போர்ட்டே போதும். அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் "போன மூன்று சம்பாவில் எந்த ஊரிலிருந்து வரவு குறைந்துகொண்டே வருகிறது" என்று கேட்டால், அதற்கு ஒரு ரிப்போர்ட், உடனே எழும் அடுத்த கேள்விக்கு இன்னொரு ரிப்போர்ட் என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். படம் வரையும் மென்பொருளில் ஓர் ஊரின் மேல் கிளிக் செய்தால் பக்கத்தில் இருக்கிற ரகம், மாதம், விலை எல்லாம் அந்த ஊருக்கு மாறிவிடும். வித்தியாசம் இவ்வளவுதான். இது தேவைப்படாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பவர் பிஐயா, டேப்லோவா? எக்ஸெலே போதாதா?

ஒரே ஆள், ஒரே கம்ப்யூட்டர், நாலைந்து படம் என்றால் எக்ஸெல் போதும். எக்ஸெல் 2016 முதல் 'டேட்டா' பட்டையிலேயே 'கெட் டேட்டா' வசதி இருக்கிறது. அதன் வழியாக ஆக்ஸஸ் ஃபைலை நேராக இணைத்து, ஊர் வாரியாகவோ மாத வாரியாகவோ கூட்டிக் காட்டும் பிவட் டேபிள் போட்டுவிடலாம்.

அதற்கு மேல் வேண்டுமென்றால் என் சிபாரிசு பவர் பிஐ டெஸ்க்டாப். விண்டோஸில் இலவசம், ஃபைலும் நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். டேப்லோவில் படம் இன்னும் அழகாக வரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முழுப் பதிப்புக்குக் காசு கட்ட வேண்டும். இலவசமான டேப்லோ பப்ளிக் ஊருக்கே காட்டுவதற்காகச் செய்தது, அதில் வெளியிடுவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விவசாயி பெயரும் தொகையும் உள்ள கணக்கை அங்கே ஏற்றாதீர்கள். கூகுளின் லுக்கர் ஸ்டூடியோ ஆக்ஸஸ் ஃபைலை நேராகப் படிக்காது. கூகுள் ஷீட்டாகவோ சிஎஸ்வியாகவோ மாற்றித்தான் கொடுக்க வேண்டும்.

சரி, எப்படி இணைக்கிறது? சுருக்கமா சொல்லுங்க.

பவர் பிஐயில் 'கெட் டேட்டா', அதில் 'டேட்டாபேஸ்', அதில் 'ஆக்ஸஸ் டேட்டாபேஸ்'. ஃபைலைக் காட்டினால் உள்ளே இருக்கிற டேபிள்களும் குவெரிகளும் (டேபிளிலிருந்து வேண்டியதை மட்டும் எடுக்க எழுதி வைத்தவை) வரிசையாக வரும். வேண்டியதை டிக் செய்துவிட்டு, 'லோட்' கொடுக்காமல் 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' கொடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு ஏற்றுவது நல்லது. டேப்லோவிலும் 'கனெக்ட்' பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸ்' இருக்கும், மற்றது ஏறக்குறைய இதேதான்.

எல்லாம் சரியாக இருந்தால் ஐந்து நிமிட வேலை. சரியாக இல்லாவிட்டால் அடுத்த கேள்விக்கு வருவீர்கள்.

"ப்ரொவைடர் இஸ் நாட் ரிஜிஸ்டர்டு"னு வருது. ஆக்ஸஸ் நல்லாத்தான் திறக்குது. என்ன கோளாறு?

இந்தப் பக்கத்தைத் தொகுத்ததற்கு முக்கியக் காரணமே இந்தக் கேள்விதான். ஆக்ஸஸ் ஃபைலைப் படிக்கிற வேலையை 'ஏஸ்' என்கிற எஞ்சின் செய்கிறது. அது 32 பிட், 64 பிட் என்று இரண்டு விதமாக வரும். பவர் பிஐ 64 பிட்டாக இருந்து, உங்கள் ஆஃபீஸ் 32 பிட்டாக இருந்தால், கூடவே வந்த எஞ்சினும் 32 பிட்தான். அது பவர் பிஐயின் கண்ணுக்கே தெரியாது. 64 பிட் ஆஃபீஸ் 2010இல்தான் முதலில் வந்தது. ஆகவே ஆஃபீஸ் 2007 வைத்திருப்பவர்கள் சோதித்துப் பார்க்கவே வேண்டாம், அது 32தான். மற்றவர்கள் ஆக்ஸஸில் 'ஃபைல்', 'அக்கவுண்ட்', 'அபவுட் ஆக்ஸஸ்' போனால் மேல் வரியிலேயே எழுதியிருக்கும்.

ஆஃபீஸ் 2010 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் நல்ல தீர்வு, 32 பிட் ஆஃபீஸை நீக்கிவிட்டு அதே லைசன்ஸில் 64 பிட்டைப் போடுவது. அதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: கணக்கு எழுதியவர் விண்டோஸ் கட்டளைகளை நேராக அழைக்கிற பழைய விபிஏ நிரல் (ஆக்ஸஸுக்குள்ளேயே எழுதுகிற நிரல்) வைத்திருந்தால், 64 பிட்டில் அதைத் திருத்தாமல் ஓடாது. கணக்கின் ஒரு நகலை 64 பிட் ஆஃபீஸ் உள்ள வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, ஒரு ரசீது அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அடுத்த வழி, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'ஆக்ஸஸ் டேட்டாபேஸ் எஞ்சின்' 64 பிட் பதிப்பைத் தனியாக நிறுவுவது. ஆக்ஸஸே இல்லாத கம்ப்யூட்டருக்கு இதுதான் வழி. 32 பிட் ஆஃபீஸ் இருக்கிற கம்ப்யூட்டரில் "முடியாது" என்று அடம்பிடிக்கும். கமாண்ட் ப்ராம்ப்டில் 'குவைட்' (quiet) என்ற சொல்லைச் சேர்த்து நிறுவினால் ஏறிவிடும் என்று பலர் சொல்வார்கள். ஏறும்தான். ஆனால் இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் இருப்பதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. பட்டுவாடா நடக்கிற கம்ப்யூட்டரில் இதைச் செய்யாதீர்கள்.

ஆஃபீஸ்ல கைவைக்கவே அப்பா விடமாட்டேங்கிறார். வேற வழி?

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வரவு டேபிளை ஆக்ஸஸிலிருந்தே எக்ஸெல்லுக்கு எக்ஸ்போர்ட் செய்து, அந்த எக்ஸெல்லை பவர் பிஐயில் இணையுங்கள். ஒரு சின்ன விஷயம்: புதிய எக்ஸெல் வடிவத்தில், அதாவது எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமியுங்கள். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தைப் படிக்கவும் அதே ஏஸ் எஞ்சின்தான் வேண்டும், திரும்பவும் அதே தகராறு வரும்.

எங்ககிட்ட இருக்கிறது பழைய எம்டிபி ஃபைல். அது ஓடுமா?

ஓடும். ஏசிசிடிபி என்கிற வடிவம் ஆக்ஸஸ் 2007இல் வந்தது. அதற்கு முந்தைய எம்டிபியையும் ஏஸ் எஞ்சின் படிக்கும். ஆக்ஸஸ் 97 காலத்து ஃபைல் மட்டும் தொல்லை. ஆக்ஸஸ் 2013 முதல் அதைத் திறக்கவே திறக்காது. ஆக்ஸஸ் 2010 அல்லது 2007 உள்ள கம்ப்யூட்டரைத் தேடிப் பிடித்து, அதில் ஒருமுறை புது வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள்.

ஃபைலைக் காட்டினேன். ஃபார்ம்ல பார்க்கிற வரவு டேபிளையே காணோம்!

உங்கள் கணக்கு இரண்டு ஃபைலாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கும். மேஜைக்கு மேஜை இருப்பது ஃபார்மும் ரிப்போர்ட்டும் மட்டும் உள்ள ஃபைல். டேபிள்கள் இருக்கிற ஃபைல் வேறொரு கம்ப்யூட்டரில், பெரும்பாலும் கல்லாப் பக்கத்தில் இருக்கும். பிரித்தபோது ஆக்ஸஸே வைக்கிற பெயர் 'பிஇ' என்று முடியும், அந்தப் பெயரில் தேடிப் பாருங்கள். ஆக்ஸஸில் டேபிள் பெயருக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி இருந்தால் அது வெறும் இணைப்பு. அதன் மேல் மவுஸை வைத்தால் உண்மையான ஃபைல் எங்கே இருக்கிறது என்று காட்டும். பவர் பிஐயை அந்த ஃபைலோடு இணையுங்கள்.

ஊர் பேரு வரவேண்டிய இடத்துல 7, 12னு நம்பர் வருது. ஆக்ஸஸ்ல வலங்கைமான், நீடாமங்கலம்னுதான் இருக்கு!

ஆக்ஸஸ் உங்களுக்குக் காட்டுவது ஒன்று, உள்ளே வைத்திருப்பது வேறு. வரவு டேபிளில் ஊர் என்பது 'லுக்கப்' பத்தியாக இருந்தால், சேமிக்கப்படுவது ஊர் டேபிளில் உள்ள வரிசை எண்தான். ஆக்ஸஸ் அதைப் பெயராக மாற்றிக் காட்டுகிறது. வெளியிலிருந்து படிக்கிற மென்பொருளுக்கு எண்தான் கிடைக்கும். ஊர் டேபிளையும் ஏற்றி, இரண்டையும் அந்த எண்ணால் இணைத்துவிட்டு, படத்தில் ஊர் டேபிளின் பெயர்ப் பத்தியைப் போடுங்கள்.

தமிழ்ல அடிச்சதெல்லாம் ஆங்கில எழுத்தாவும் கமாவாவும் வருது. ஃபைல் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. யூனிகோடு (எந்தக் கம்ப்யூட்டரிலும் போனிலும் தமிழாகவே தெரிகிற எழுத்து முறை) இல்லாத பழைய எழுத்துருவில், பாமினியிலோ வானவில்லிலோ அடித்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு போட்டால் மட்டுமே தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது வேறு குறிகள். சோதிப்பது சுலபம்: ஒரு பெயரைக் காப்பி செய்து வாட்ஸப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் யூனிகோடு, இல்லாவிட்டால் மாற்ற வேண்டும்.

ஓடுகிற கணக்கில் நேராக மாற்றாதீர்கள். ஃபார்மும் ரசீதும் அந்தப் பழைய எழுத்துருவை நம்பித்தான் இருக்கும், அவை குழம்பிவிடும். விவசாயி டேபிளையும் ஊர் டேபிளையும் எக்ஸெல்லுக்கு எடுத்து, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் மாற்றி, எண்ணும் யூனிகோடு பெயரும் மட்டும் உள்ள தனி டேபிளாக வைத்துக்கொள்ளுங்கள். பவர் பிஐயில் அதைப் போன பதிலில் சொன்ன மாதிரி எண்ணால் இணைத்தால் முடிந்தது. ஒரே பத்தியில் ஆங்கிலத்தில் அடித்த பெயர்களும் கலந்திருந்தால் அவற்றை முதலில் பிரித்துவிடுங்கள். கன்வெர்ட்டருக்கு வித்தியாசம் தெரியாது, அதையும் சேர்த்துத் தமிழாக்கிக் கந்தல் செய்துவிடும்.

ஆக்ஸஸ்ல அருமையா ஓடுற குவெரி பவர் பிஐல எரர் காட்டுது. இன்னொண்ணு எரரே இல்லாம காலியா வருது.

எரர் காட்டுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, குவெரிக்குள் காலி இடத்தைச் சைபராக்குகிற 'என்இஸட்' ஃபங்ஷனோ கணக்கு எழுதியவர் சொந்தமாக எழுதிய ஃபங்ஷனோ இருக்கும். அவை ஆக்ஸஸ் திறந்திருந்தால் மட்டும் தெரிந்தவை, ஏஸ் எஞ்சினுக்குத் தெரியாது. அந்த வேலைக்கு 'ஐஐஎஃப்', 'இஸ் நல்' இரண்டையும் வைத்து எழுதிக்கொள்ளலாம். மற்றொன்று, குவெரி "திறந்திருக்கிற ஃபார்மில் உள்ள தேதியை எடு" என்று கேட்கும். இங்கே ஃபார்மே திறந்திருக்காது. அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு ஒரு நகல் குவெரி செய்யுங்கள், தேதியைப் படத்தில் வடிகட்டிக்கொள்ளலாம்.

காலியாக வருவதுதான் ஆபத்து, ஏனென்றால் சத்தமே இருக்காது. '1009' என்று தொடங்குகிற ரகம் எல்லாவற்றையும் எடுக்க 'லைக்' போட்டு, கடைசியில் நட்சத்திரக் குறி வைத்திருப்பார்கள். ஆக்ஸஸுக்குள் நட்சத்திரம் என்றால் "பிறகு எது வந்தாலும் சரி". வெளியிலிருந்து படிக்கும்போது அந்த வேலையைச் சதவீதக் குறி செய்கிறது. நட்சத்திரம் வெறும் நட்சத்திரமாகிவிடும். எந்த ரகத்தின் பெயரிலும் நட்சத்திரம் இல்லை, ஆகவே ஒரு வரிசையும் வராது. 'லைக்' இருக்கிற இடத்தில் 'ஏலைக்' (ALIKE) போட்டுச் சதவீதக் குறி வைத்தால் இரண்டு பக்கமும் ஓடும். என்னைக் கேட்டால், குவெரிகளை விட்டுவிட்டு டேபிள்களை மட்டும் இணைத்து, மற்ற வேலையைப் பவர் பிஐக்குள் செய்வதே நிம்மதி.

மொத்த மூட்டை ரெண்டு மூணு மடங்கா வருது. நாங்க அவ்வளவு நெல்லு வாங்கவே இல்லையே!

வரவையும் பட்டுவாடாவையும் ஒரே டேபிளாக ஒட்டியிருக்கிறீர்கள். ஒரு விவசாயி 50 மூட்டை, 30 மூட்டை என்று இரண்டு நடையில் கொண்டுவந்தார், மொத்தம் 80. அவருக்குப் பணம் மூன்று தவணையாகக் கொடுத்தீர்கள். இரண்டையும் விவசாயி எண்ணால் ஒட்டினால் ஒவ்வொரு நடையும் மூன்று தவணையோடும் சேர்ந்து ஆறு வரிசையாகும். கூட்டினால் 240 மூட்டை. பட்டுவாடாத் தொகையும் அதே மாதிரி இரட்டிப்பாகியிருக்கும். இரண்டையும் ஒட்டாமல் தனித்தனியாக வைத்து, இரண்டையும் விவசாயி டேபிளோடு மட்டும் உறவுபடுத்துங்கள். பவர் பிஐயில் 'மாடல்' பக்கத்தில் இதைச் செய்யலாம். டேப்லோவிலும் 2020.2 பதிப்பு முதல் 'ரிலேஷன்ஷிப்' என்று இதே வசதி வந்துவிட்டது.

அதைச் சரி பண்ணிட்டேன். அப்பவும் மில்லு எடையோட ஒத்துவரலை.

இது இணைப்புக் கோளாறு இல்லை, நம்ம ஊர்க் கோளாறு. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ. வியாபாரி பிடிக்கிற மூட்டை பெரும்பாலும் 60 கிலோ, சாக்கோடு சேர்த்து 62 என்று எழுதுகிறவர்களும் உண்டு. கணக்குப்பிள்ளைக்கு எது எந்த மூட்டை என்று தெரியும், அவர் '100' என்று மட்டும் அடித்திருப்பார். அந்த 100 என்பது 4,000 கிலோவா 6,000 கிலோவா என்று பவர் பிஐக்கு எப்படித் தெரியும்? மூட்டை எடை என்று தனிப் பத்தி போட்டு, படத்தில் எப்போதும் கிலோவையோ குவிண்டாலையோ மட்டும் காட்டுங்கள். நிலத்திலும் இதே கதை: ஒருவர் மா, ஒருவர் ஏக்கர், பெரியவர் வேலி என்று சொல்லியிருப்பார். மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்று வைத்து ஏக்கருக்கு மாற்றிவிடலாம்.

ரகத்தையும் பாருங்கள். சிஆர் 1009, பொன்மணி, வெறும் 1009 மூன்றும் ஒரே நெல். படத்தில் மூன்று தூணாக நிற்கும். ஏடிடி 43, ஆடுதுறை 43 கதையும் அதுதான். எழுதியிருக்கிற பெயருக்குச் சரியான பெயர் என்று இரண்டு பத்தி உள்ள ஒரு சின்ன டேபிள் போட்டு இணைத்துவிட்டால், பழைய கணக்கைத் திருத்தவே வேண்டாம்.

வருஷ வாரியா படம் போட்டா ஒரே சம்பா ரெண்டா உடையுது.

உடையத்தான் செய்யும். ஆகஸ்டில் விதைத்த சம்பா அறுப்புக்கு வருவது ஜனவரி வாக்கில், தாளடி அதற்கும் பிறகு. ஜனவரி முதல் டிசம்பர் வரை கூட்டினால், போன வருடத்துச் சம்பாவும் இந்த வருடத்துக் குறுவையும் ஒரே தூணில் ஏறும். நம் வருடம் மேட்டூர் திறப்போடு தொடங்குகிறது, வழக்கமான தேதி ஜூன் 12. ஆகவே மாதம் ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் அதே வருடம், குறைவு என்றால் முந்தைய வருடம் என்று ஒரு பத்தி போட்டு, அதற்கு '2023-24' மாதிரி பெயர் கொடுங்கள். 2023 செப்டம்பரில் வந்த குறுவையும் 2024 பிப்ரவரியில் வந்த சம்பாவும் ஒரே பாசன ஆண்டில் சேர்ந்துவிடும்.

தேதிப் பத்தி ஆக்ஸஸில் உண்மையிலேயே தேதியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். எழுத்தாகச் சேமித்திருந்தால் 05/06 என்பது ஜூன் 5ஆ மே 6ஆ என்பது கம்ப்யூட்டரின் அமைப்பைப் பொறுத்து மாறும். பவர் பிஐயில் 'யூசிங் லொக்கேல்' கொடுத்து இங்கிலீஷ் இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் நாள் முதலில் வரும்.

மேப் போட்டேன், பாபநாசம் திருநெல்வேலிக்குப் போயிடுச்சு.

அங்கேயும் ஒரு பாபநாசம் இருக்கிறதே! ஊர் பெயர் மட்டும் கொடுத்தால் மேப் தனக்குத் தெரிந்ததை எடுத்துக்கொள்ளும். "பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம், தமிழ்நாடு" என்று முழுதாகச் சேர்த்து ஒரு பத்தி செய்யுங்கள். சின்னக் கிராமங்களுக்கு அதுவும் உதவாது. ஊர் டேபிளில் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டு பத்தி சேர்த்து ஒரு தடவை நிரப்பிவிட்டால் பிறகு தொல்லை இல்லை.

மாவட்ட வாரியாக வண்ணம் அடிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மயிலாடுதுறை தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2020 டிசம்பரில். அதற்கு முந்தைய கணக்கில் சீர்காழி, தரங்கம்பாடி வரவெல்லாம் நாகப்பட்டினம் என்றே இருக்கும். அப்படியே படம் போட்டால் நாகையில் திடீரென்று நெல் குறைந்த மாதிரி தெரியும். மாவட்டத்தை வரவு டேபிளிலிருந்து எடுக்காமல் ஊர் டேபிளிலிருந்து எடுத்தால் பழைய வருடங்களும் இன்றைய எல்லைப்படி சரியாகப் பிரியும்.

கணக்குப்பிள்ளை அடிக்க அடிக்க படம் மாறுமா?

பவர் பிஐயில் மாறாது. ஆக்ஸஸைப் பொறுத்தவரை அது அந்த நேரத்து நிலவரத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். 'ரிஃப்ரெஷ்' அழுத்தினால் புதுப் போட்டோ. டேப்லோவில் நேரடி இணைப்பு வைக்கலாம், ஆனால் அறுப்பு நேரத்தில் மூன்று பேர் வரவு போட்டுக்கொண்டிருக்கும்போது நாலாவது ஆளாக அதுவும் ஃபைலைப் பிடித்து உலுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நான் எல்லோருக்கும் சொல்வது, படத்துக்கென்று தனி நகல் வையுங்கள். கடை சாத்திய பிறகு டேபிள் ஃபைலை வேறு ஃபோல்டருக்குக் காப்பி செய்ய ஒரு சின்ன கட்டளையை 'டாஸ்க் ஷெடியூலரில்' போட்டுவிடலாம். ஃபைலை யாராவது திறந்து வைத்திருந்தால் பக்கத்திலேயே 'எல்ஏசிசிடிபி' என்று ஒரு சின்னப் பூட்டு ஃபைல் தெரியும். அது இருக்கும்போது எடுத்த நகலை நம்ப முடியாது. கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் பாதியில் அணைந்த மறுநாள் மட்டும், காப்பிக்கு முன் 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' ஓட்டிவிடுங்கள். அந்தக் கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இல்லையென்றால், பவர் பிஐ பற்றிப் பேசுவதற்கு முன்பே அதை வாங்க வேண்டும்.

அண்ணன் துபாய்ல இருக்கார். போன்ல பார்க்கணும்ங்கிறார்.

பார்க்கலாம், ஆனால் இலவசம் என்பது இங்கே சுருங்கிவிடும். இணையத்தில் இருக்கிற பவர் பிஐ சேவையில் ஏற்ற, நிறுவனப் பெயரில் மின்னஞ்சல் வேண்டும். ஜிமெயில் ஏற்காது. அண்ணனோடு தனிப்பட்ட முறையில் பகிர இருவருக்குமே ப்ரோ உரிமம் வேண்டியிருக்கும். நம் கம்ப்யூட்டரில் இருக்கிற ஃபைலிலிருந்து தானாகப் புதுப்பிக்க 'கேட்வே' என்ற ஒன்றை நிறுவ வேண்டும். அது 64 பிட்டில் ஓடுவது, ஆகவே மேலே சொன்ன எஞ்சின் விவகாரம் இங்கேயும் உண்டு. புதுப்பிக்கிற நேரத்தில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ப்ரோ உரிமத்தில் ஒரு நாளைக்கு எட்டு முறை வரை நேரம் குறிக்கலாம். நமக்கு ராத்திரி ஒரு முறை போதும்.

செலவில்லாமல் முடிக்க 'பப்ளிஷ் டு வெப்' கொடுத்து லிங்க் அனுப்பச் சொல்வார்கள். அந்த லிங்க் கிடைத்த யாரும், பாஸ்வேர்டு இல்லாமல், உங்கள் கணக்கைப் பார்க்கலாம். வேண்டவே வேண்டாம். அண்ணனுக்கு வாரம் ஒரு பிடிஎஃப் அனுப்பினால் போதும். எந்த வழியாக இருந்தாலும், விவசாயிகளின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், செல்போன் எண் பத்திகளை 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா'விலேயே நீக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். படத்தில் போடாவிட்டாலும், ஏற்றிய ஃபைலுக்குள் அவை உட்கார்ந்திருக்கும்.

ஃபைல் 2 ஜிபியைத் தொடப்போகுது. படம் வரைய ஆரம்பிச்சதாலயா?

இல்லை, பவர் பிஐ படிக்க மட்டும்தான் செய்யும். ஆக்ஸஸ் ஃபைலின் உச்ச அளவே 2 ஜிபி. வெறும் எழுத்தும் எண்ணும் அவ்வளவு சீக்கிரம் அதை நிரப்பாது. பெரும்பாலும் அடங்கல், சிட்டா, பாஸ்புக் போட்டோக்களை 'அட்டாச்மென்ட்' பத்தியில் சேர்த்திருப்பார்கள். போட்டோக்களை ஒரு ஃபோல்டருக்கு எடுத்துவிட்டு, டேபிளில் ஃபைல் இருக்கிற இடத்தை மட்டும் எழுதி வையுங்கள். பிறகு 'காம்பாக்ட்' ஓட்டினால்தான் ஃபைல் இளைக்கும், அழித்தவுடன் தானாகச் சுருங்காது.

அப்படியும் நிரம்புகிறதென்றால் டேபிள்களை மைக்ரோசாஃப்டின் இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாற்றுங்கள். அது இலவசம், ஒரு டேட்டாபேஸுக்குக் குறைந்தது 10 ஜிபி தரும். ஆக்ஸஸிலிருந்து மாற்ற மைக்ரோசாஃப்டே ஓர் இலவசக் கருவி வைத்திருக்கிறது. கணக்குப்பிள்ளை பழகிய ஃபார்ம்கள் ஆக்ஸஸிலேயே இருக்கும், பின்னால் உள்ள டேபிள்கள் மட்டும் இடம் மாறும். ஒருசில குவெரிகளைத் தட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். இந்த வேலையை அறுப்பு சீசனில் தொடங்காமல், வரவு ஓய்ந்திருக்கிற ஏப்ரல், மே மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.